குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைக்கு மென்டராகப் போவது எப்படி

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று ஏதாவது வந்தால் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. குறை சொல்லவில்லை, பல இல்லங்களில் அடுப்பு எரிவதே அந்தப் பணத்தை நம்பித்தான். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பிரியாணிக்கு ஒன்றும் பஞ்சமில்லை, சில ஞாயிறுகளில் மதியமும் அதுதான், ராத்திரியும் அதுதான் என்பார்கள். கேக் வெட்டி, வரிசையில் நிற்கவைத்துப் பாடச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். போன வாரம் வந்த அதே ஆள் இந்த வாரமும் வந்து, அடுத்த வருடமும் வருவதுதான் அபூர்வம். அப்படி ஒரே பிள்ளையைத் தொடர்ந்து வந்து பார்த்து, கூட நின்று வழிகாட்டும் ஆளாக, அதாவது மென்டராக, இருக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யார் இந்தப் பிள்ளைகள் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. இல்லத்தில் இருந்தால் அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்றுதான் நினைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பல பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர் இருப்பார். கணவன் இறந்தபின் வீட்டுவேலைக்குப் போகும் அம்மா, குடியில் விழுந்த அப்பா, மனநோயோடு போராடும் பெற்றோர், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பம், சிறையில் இருக்கும் தகப்பன் என்று ஒவ்வொன்றும் ஒரு கதை. சில பிள்ளைகள் வீட்டில் நடந்த அடியாலோ பாலியல் தொந்தரவாலோ அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தவர்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் என்கிறது. ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு ஒன்று இவர்களுக்காக இயங்குகிறது. பிள்ளை எங்கே இருக்க வேண்டும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தக் குழு. நீங்கள் கிடையாது, இல்லத்தை நடத்துபவரும் கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது. தத்து எடுக்காமல், குழுவின் உத்தரவோடு வேறொரு குடும்பம் ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது அது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் அதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட புது வழிகாட்டு நெறிமுறைகளின்படி திருமணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள்கூட விண்ணப்பிக்கலாம். இருந்தாலும் நம் பக்கம் அப்படிக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் குறைவு, இல்லங்களில் வளர்பவர்கள்தான் அதிகம். அதனால் பெரும்பாலும் இல்லத்தை வைத்தே சொல்கிறேன். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன மாறும் என்பதை நடுவில் சொல்லிவிடுகிறேன்.

போகலாமா, வேண்டாமா

குறைந்தது ஒரு வருடம், வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போக முடியாது என்றால் தயவுசெய்து மென்டராகப் போகாதீர்கள். சும்மா கடுமையாகப் பேசவில்லை. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பழைய அமைப்பு இருக்கிறது, 1904இல் நியூயார்க்கில் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது, ஒரு பெரியவர் ஒரு பிள்ளை என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். அந்த ஜோடிகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தெரிந்தது. சில மாதங்களிலேயே முறிந்தவற்றில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோனது. அதாவது மூன்று மாதம் போய்விட்டு நிற்பதற்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர்.

எனவே ஆன்சைட்டுக்கு விசா காத்திருப்பில் இருப்பவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் ஊர் மாறப்போகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கம்பெனியிலிருந்து ஒருநாள் சேவைக்கு வரும் குழுவினர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுக்கலாம், அது உருப்படியான வேலை, ஆனால் அதற்குப் பெயர் மென்டரிங் இல்லை. இன்னொன்றையும் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். குழந்தை இல்லாத ஏக்கத்திலோ, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்திலோ இருப்பவர்கள் அந்த வலி ஆறாமல் இந்த வேலைக்கு வந்தால் அந்தப் பிள்ளைதான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அது அதன் வேலை இல்லை.

உள்ளே போவதற்கான வழி

இல்லத்தின் கேட்டைத் தட்டி "பசங்களோட டைம் ஸ்பெண்ட் பண்ணலாமா" என்று கேட்டால் சில இடங்களில் உடனே விட்டுவிடுவார்கள். அப்படி விடுகிற இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். முன்பின் தெரியாத ஆளை அடையாள அட்டைகூடக் கேட்காமல் பிள்ளைகளோடு உட்கார வைக்கும் இல்லம் உங்களைப் போல் இன்னும் எத்தனை பேரை உட்கார வைத்திருக்கும்?

சரியான பாதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்த, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் மாறியிருக்கும் துறையின் கீழ் வருவது. அங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்கள் எவை, எங்கே தன்னார்வலர் தேவை என்பது அவர்களுக்குத் தெரியும். குழந்தைகள் இல்லங்கள் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு 5 வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எனவே இல்லத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. கூர்நோக்கு இல்லம் என்பது வேறு, அங்கே இருப்பவர்கள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர்கள், அங்கே போகும் நடைமுறையும் வேறு, முதல் முறையாக வருபவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

தனியாக அலைய முடியாது என்றால் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருக்கும் தொண்டு நிறுவனத்தில் சேருவது சுலபம். கொச்சியில் 2006இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய மேக் எ டிஃபரன்ஸ் இல்லத்துப் பிள்ளைகளுக்காகவே இயங்கி வந்திருக்கிறது. எந்த அமைப்பாக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: பயிற்சி தருவார்களா, காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கிறார்களா, பிரச்சினை வந்தால் நீங்கள் கூப்பிட வேண்டிய ஆள் யார். மூன்றாவதுக்குப் பதில் சொல்லத் தடுமாறினால் வேறு அமைப்பைத் தேடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கி, ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் வேறு சேவைக்குப் போகலாம்.

பொதுவாக ஆண்களைப் பையன்களுக்கும் பெண்களைப் பெண் பிள்ளைகளுக்கும் போடுவார்கள். அதில் வாதம் செய்ய வேண்டாம்.

முதல் சில மாதங்கள்

முதல் நாள் ஒன்றும் நடக்காது. பிள்ளை உங்களைப் பார்க்கும், பெயர் சொல்லும், எந்த வகுப்பு என்று சொல்லும், அப்புறம் தரையைப் பார்க்கும். அந்த அமைதியை நிரப்ப நீங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டால் இன்னொரு விசாரணை அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையிடம் போலீஸ், நலக் குழு, ஆற்றுப்படுத்துநர், பள்ளிக்கூடம் என்று ஏற்கெனவே பல பேர் கேட்டிருப்பார்கள். ஆகவே "ஏன் இங்க வந்த", "அப்பா என்ன பண்றார்", "அம்மா பார்க்க வருவாங்களா" எதுவுமே வேண்டாம். சாதியைத் தெரிந்துகொள்வதற்காகச் சொந்த ஊர் எங்கே, எந்தத் தெரு என்று சுற்றி வளைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரிந்துவிடும்.

பேச்சுக்குப் பதிலாகக் கைக்கு வேலை கொடுங்கள். கேரம் போர்டு, செஸ், பேப்பர் மடிப்பது, செடி நடுவது, பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டுவது, அன்றைய செய்தித்தாளில் கிரிக்கெட் பக்கம். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும், முகத்துக்கு நேராக உட்கார்ந்தால் வராது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள். வராந்தா, சாப்பாட்டுக் கூடம், மரத்தடி. கதவு சாத்திய அறையில் ஒருபோதும் வேண்டாம், அது பிள்ளைக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் பாதுகாப்பு.

சில பிள்ளைகள் முதல் நாளே கையைப் பிடித்துக்கொண்டு விடாது, இரண்டாம் வாரம் "அம்மா" என்று கூப்பிடும். உங்களுக்கு உருகிவிடும். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது இல்லத்தில் வளரும் சில பிள்ளைகள் கற்றுக்கொண்ட பிழைக்கும் வழி. "அக்கான்னு கூப்பிடுடா" என்று சிரித்துக்கொண்டே மாற்றிவிடுங்கள். அக்கா, அண்ணா, மாமா, மிஸ், எது அந்த இல்லத்தில் வழக்கமோ அது போதும். அம்மா என்ற இடத்துக்கு ஒரு ஆள் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழமும் முறுக்குமாக இரண்டு பஸ் மாறி வருபவர். அவர் காதில் அது விழுந்தால் எப்படி இருக்கும்?

வேறு சில பிள்ளைகள் நேர் எதிர். நீங்கள் வந்தது தெரிந்தும் கிரவுண்டிலிருந்து வராது, வந்தாலும் "போர் அடிக்குது, நான் போறேன்" என்று எழுந்து போகும், ஏடாகூடமாகப் பேசும். நீங்கள் எப்போது ஓடுவீர்கள் என்று பார்க்கிறது. கோபப்படாமல், கெஞ்சாமல், "சரி, நான் அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன், அடுத்த சனிக்கிழமையும் வருவேன்" என்று சொல்லிவிட்டு அஞ்சு மணி வரை அங்கேயே உட்காருங்கள். புத்தகம் கொண்டுபோனால் நல்லது. இந்தக் காலத்தில்தான் நிறைய மென்டர்கள் விட்டுவிடுகிறார்கள், பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து. பொறுத்துப் போனவர்களிடம் கேட்டால் இப்படி முறைத்துக்கொண்டிருந்த பிள்ளைதான் பிற்பாடு விடாமல் பேசியது என்பார்கள்.

சொன்ன நாளில் வருவது

இந்த வேலையில் திறமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கிழமையும் நேரமும் மாறக்கூடாது. சனிக்கிழமை மூன்றரை மணி என்றால் மூன்றரை மணி. வர முடியாத வாரத்தை முன்னாலேயே, நேரில், பிள்ளையிடம் சொல்லுங்கள். திடீரென்று காய்ச்சல் என்றால் வார்டனுக்கு போன் செய்து, "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க, மறக்காதீங்க" என்று கேளுங்கள், முடிந்தால் அந்த போனிலேயே ஒரு நிமிடம் பிள்ளையிடம் பேசிவிடுங்கள். "பார்க்கலாம்", "டைம் கிடைச்சா வரேன்" என்ற இரண்டையும் உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். நமக்கு அவை மரியாதையான இழுத்தடிப்பு, காத்திருக்கும் பிள்ளைக்கு வாக்குறுதி. கேட்டருகே போய்ப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதை வார்டன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பண்டிகை லீவைத் தனியாக யோசிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், மே மாதம் என்றால் வீடு இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாராவது வருவார்கள், இல்லம் பாதி காலியாகிவிடும். மிச்சம் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் மாதிரி நீளமான நாட்கள் வருடத்தில் வேறு இல்லை. உங்கள் பிள்ளை மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் என்றால் தீபாவளி அன்றைக்குப் போக முடியாவிட்டாலும் மறுநாள் போங்கள். வீட்டுக்குப் போகிற பிள்ளை என்றால் திரும்பி வந்த முதல் வாரத்தைத் தவறவிடாதீர்கள், பெரும்பாலும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் திரும்பி வரும்.

பரிசு, பணம், போட்டோ

சட்டை, வாட்ச், சாக்லேட் என்று அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஒரு அறையில் பத்துப் பதினைந்து பேர் தூங்குகிறார்கள், ஒருவருக்கு மட்டும் புது வாட்ச் வந்தால் ராத்திரிக்குள் சண்டை, இரண்டு நாளில் காணாமல் போகும், அப்புறம் திருட்டுப் பழி. பிறந்தநாளுக்குச் சின்னதாக ஒன்று, இல்லத்தின் விதி அனுமதித்தால், கொடுக்கலாம். செல்போன் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ரகசியமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பணம் கேட்டால், "அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு" என்று கேட்டாலும்கூட, கையில் கொடுக்காமல் இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். உண்மையாகவே தேவை இருந்தால் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது, பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க அது வழி செய்யும், மாவட்ட அலகு அதற்கு விண்ணப்பம் வாங்கும். நீங்கள் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயால் அது நடக்காது.

போட்டோ எடுத்துப் போடாதீர்கள். முகத்தை மறைத்து ஸ்டேட்டஸில் வைப்பதும் வேண்டாம், பள்ளிச் சீருடையும் பின்னால் இருக்கும் பெயர்ப் பலகையும் போதும் அடையாளம் தெரிய. இந்தப் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் வீட்டில், ஆபீஸில் பேசும்போதுகூடப் பிள்ளையின் கதையைச் சொல்லாதீர்கள்.

"உன்னை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்ற வாக்குறுதியும் இதே வகைதான். விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது. தத்து என்றால் அரசின் தத்தெடுப்பு ஆணையம் வழியாகத்தான், வளர்ப்புப் பராமரிப்பு என்றால் மாவட்ட அலகும் நலக் குழுவும் வழியாகத்தான். உண்மையாகவே அந்த எண்ணம் இருந்தால் முதலில் அங்கே போய் விண்ணப்பியுங்கள், முடிவு வரும்வரை பிள்ளையிடம் மூச்சு விடாதீர்கள்.

பிள்ளை ஏதாவது சொன்னால்

நம்பிக்கை வந்தபின் ஒருநாள், கேரம் காயை அடித்துக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஆரம்பிக்கலாம். சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா நான் உதவி கேட்டுத்தான் ஆகணும், ஆனா உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். அப்புறமும் சொல்லும், பெரும்பாலும்.

சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், "நீ ஏன் அப்பவே சொல்லல" என்று கேட்கவே கேட்காதீர்கள். எப்போது, எங்கே, எத்தனை தடவை என்று துருவுவது உங்கள் வேலை இல்லை, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் துருவினால் வழக்குக்கும் கெடுதல். "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்பது போதும். வெளியே வந்த உடனே பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பாலியல் தொந்தரவு என்றால் அதைத் தெரிவிப்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு, தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கூப்பிடலாம், காசில்லாத எண், இரவிலும் எடுப்பார்கள். நலக் குழுவிடமும் நேரடியாகச் சொல்லலாம். இல்லத்தின் நிர்வாகியிடம் மட்டும் சொல்லிவிட்டு, "நாங்க பார்த்துக்கறோம் சார், பேர் கெட்டுடும்" என்ற பதிலோடு வீட்டுக்கு வராதீர்கள், குறிப்பாகக் குற்றம் சொல்லப்படுபவர் அங்கேயே வேலை செய்பவராக இருந்தால். இல்லத்தில் அடிக்கிறார்கள் என்றாலும் இதே பாதைதான், இல்லத்தில் பிள்ளையை அடிப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இதனால் உங்களை இனிமேல் உள்ளே விடாமல் போகலாம். அது நடக்கும் என்று தெரிந்தே செய்ய வேண்டிய வேலை இது.

இல்லத்துக்காரர்களும் குடும்பமும்

வார்டனோடு போட்டி போடாதீர்கள். குறைந்த சம்பளத்துக்கு இருபத்து நாலு மணி நேரமும் அங்கேயே கிடப்பவர் அவர்தான், வாரம் இரண்டு மணி நேரம் வந்துவிட்டு "நீங்க இப்படிக் கண்டிக்கலாமா" என்று பாடம் எடுத்தால் அந்தக் கோபம் நீங்கள் கிளம்பியபின் பிள்ளை மேல்தான் இறங்கும். வரும்போது அவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள், போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளையின் அம்மாவோ தாத்தாவோ வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, பிள்ளையின் நல்ல விஷயம் ஒன்றை அவர்களிடம் சொல்லுங்கள், "கணக்குல நல்லா பண்றான்மா" என்கிற மாதிரி. புத்திமதி வேண்டாம்.

வளர்ப்புக் குடும்பம் என்றால் இது இன்னும் நுணுக்கம். அவர்கள் வீட்டுக்குள் நீங்கள் விருந்தாளி. மாவட்ட அலகின் சமூகப் பணியாளர் மூலமாகவே முதல் சந்திப்பு நடக்கட்டும், அந்த வீட்டில் சொந்தப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்து விளையாடுங்கள், வளர்ப்புப் பெற்றோரை உளவு பார்க்க வந்தவர் என்ற எண்ணம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூலகம், மைதானம் என்று பொது இடத்தில் சந்திப்பது அங்கே சுலபம்.

நடுவில் ஒருநாள் பிள்ளை இருக்காது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அல்லது வேறு மாவட்ட இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள், குழுவின் உத்தரவு. உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே, "மாற்றம் வந்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், ஒருமுறை பார்த்து வழியனுப்பணும்" என்று கேட்டு வையுங்கள். வீட்டுக்குப் போவது பெரும்பாலும் நல்ல செய்தி, வருத்தத்தை முகத்தில் காட்டாதீர்கள். நீங்கள் விலக வேண்டிய நிலை வந்தாலும் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லி, கடைசிச் சந்திப்பு இன்ன தேதி என்று காலண்டரில் குறித்து, முறையாக விடைபெறுங்கள். சத்தமில்லாமல் நின்றுபோவதுதான் இருப்பதிலேயே மோசம்.

படிப்பும் காகிதங்களும்

டியூஷன் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நிறையப் பேர் வருகிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்றால் அங்கிருந்து தொடங்கலாம், அதற்கு மேல் பாடம் நடத்த ஆள் வேறு கிடைப்பார்கள். மென்டரால் செய்ய முடிந்து, வேறு யாரும் செய்யாமல் விடுவது காகித வேலை. வீட்டில் வளரும் பிள்ளைக்கு அப்பா தாலுகா ஆபீஸுக்கு அலைவார், இங்கே ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு அலுவலர்.

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும், அது விட்டுப்போனால் கல்லூரி சேரும்போது உதவித்தொகை நிற்கும். 10 வயது தாண்டிய பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது, வங்கிக்குக் கூட்டிப்போய்ச் சலான் நிரப்பச் சொல்லிக் கொடுப்பதே ஒரு நல்ல சனிக்கிழமை. எங்கே வெளியே போவதாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சாதி தெரியாததால் சான்றிதழ் இல்லை என்று விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இது வழி.

இன்னொன்று, நல்லெண்ணத்தால் நடக்கும் கெடுதல். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று யாராவது ஒரு நன்கொடையாளர் ஒன்பதாம் வகுப்பில் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிடுவார். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி என்ற கணக்கை வைத்துத்தான். பள்ளி மாற்றும் பேச்சு வந்தால் இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அது நீங்களாக இருக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக், ஐடிஐ என்ற வழிகளையும் கேவலமாகப் பேசாமல் முன்னால் வையுங்கள், சீக்கிரம் சொந்தக் காலில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அது சில நேரம் நல்ல கணக்கு.

18 வயது

பிள்ளைக்கு 16 ஆனதும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுங்கள். 18 முடிந்தால் இல்லத்தில் இருக்க முடியாது. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று வளர்ந்த பிள்ளைக்கு அரிசி கிலோ என்ன விலை, வாடகைக்கு அட்வான்ஸ் எத்தனை மாதம், பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறுவது என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். குக்கர் வைப்பது, ஏடிஎம், ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது, சம்பளச் சீட்டைப் படிப்பது, ஆதார் வைத்துக் கடன் வாங்கித் தரச் சொல்லும் நண்பனிடம் முடியாது என்று சொல்வது. இரண்டு வருடம் இருந்தால் எல்லாவற்றையும் ஒருமுறையாவது கூட இருந்து செய்துவிடலாம்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பிற்காப்பைப் பற்றியது. இல்லத்தை விட்டுப் போகும் இளைஞருக்கு 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை, தங்குமிடம், படிப்பு, தொழிற்பயிற்சிக்கு உதவி கிடைக்கும், மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் என்ற அளவில். தானாக வீடு தேடி வராது. பிள்ளையின் தனிப் பராமரிப்புத் திட்டத்தில் அது எழுதப்பட வேண்டும், குழுவின் உத்தரவு வேண்டும், எனவே 17 நடக்கும்போதே கண்காணிப்பாளரையும் மாவட்ட அலுவலரையும் நச்சரிக்கத் தொடங்குங்கள். ஆதாரில் இல்லத்து முகவரி இருக்கும், வெளியே போனபின் எந்த முகவரிக்கு மாற்றுவது என்பதையும் முன்னாலேயே யோசியுங்கள், சிம் கார்டிலிருந்து ரேஷன் வரை அதில்தான் மாட்டும்.

கல்லூரி விடுதி விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் வரும். பிள்ளை உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்கும். உள்ளூர்ப் பாதுகாவலராகக் கையெழுத்துப் போடுவதென்றால் விடுதியிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு போன் வந்தாலும் எடுப்பேன் என்று அர்த்தம், கட்டணத்துக்கு ஜாமீன் என்று அர்த்தமில்லை, அந்த விண்ணப்பத்தில் எது எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். முடியாது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லி, மாவட்ட அலகில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டு, சேர்க்கைத் தேதிக்கு முன்னால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.